முதலில் கொப்பி, பிறகுதான் ரிப்பேர்

ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கினால் நம்மூரில் நடப்பது இதுதான். கொம்பியூட்டர் இறுகுகிறது, போல்டர் திறக்கப் பத்து நிமிஷம். கடைக்குக் கொண்டுபோனால் செக்டிஸ்க் போடுவார்கள். சரிவராவிட்டால் போமட். "புது விண்டோஸ் போட்டிருக்கேன் சேர், இப்ப பறக்கும்." பறக்கும்தான். உள்ளே இருந்த பத்து வருஷப் படங்களும் சேர்ந்து பறந்திருக்கும்.

இதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல என்று கொம்பியூட்டர் படிப்பிக்கிற நாங்கள் எத்தனை தரம் சொல்வது?

செக்டிஸ்க் டிஸ்க்கைக் குணப்படுத்தாது. திருத்துகிறேன் என்று சாகக் கிடக்கும் அதே டிஸ்க்கில்தான் எழுதும். முழு ஸ்கேன் கொடுத்தால் பழுதான இடங்களையும் விடாமல் வாசிக்க வைக்கும். மிச்ச உயிரும் அதில் போகலாம்.

பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். அதே அளவு அல்லது அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றுக்கு முழுவதையும் கொப்பி எடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் டிடி-ரெஸ்கியூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எடுத்தது எது, மிச்சம் எது என்று ஒரு கோப்பில் குறித்து வைக்கும். கரண்ட் போனாலும் (போகும்தானே) விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை இரண்டு தரம் பாருங்கள், மாறினால் எல்லாம் அழியும். திருத்த வேலையெல்லாம் பிறகு கொப்பியில்.

"டிக் டிக்" சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம். கழற்றி வையுங்கள். அது டேட்டா மீட்பு நிபுணருடைய வேலை.

நல்ல டிஸ்க்கிலேயே 1 டெராபைட் எடுக்க, வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் கிட்டத்தட்ட 3 மணித்தியாலம். பழுதானது நாட்கணக்கில் இழுக்கும். அரை மணித்தியாலத்தில் தாறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

2004 சுனாமியில் நம் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதைச் சொந்தக்காரர்களிடம் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணினோம். அந்தப் படங்களும், பள்ளிவாசல் பழைய பதிவேடுகளும், பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்களும் இன்று எங்கே? யாரோ ஒரு செயலாளரின் மேசை லாச்சியில், ஒரே ஒரு டிஸ்க்கில். பரிசளிப்பு விழா பெனருக்குக் காசு இருக்கிற சங்கங்களுக்கு இரண்டாவது டிஸ்க் வாங்க மட்டும் நிதி இல்லையாம்!

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்: மற்ற டிஸ்க் எங்கே, அது யாருடைய வீட்டில் இருக்கிறது?