அழிக்கப்படாத நகல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தும், பாராளுமன்றம் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியும், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் ஏழை ஜனங்களின் ஆதார் அட்டை, ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்பப்பட்டு, அச்சான பின்பும் அழிக்கப்படாமல், அடுத்து வருகிறவர் கண்ணெதிரே பெயரும் படமும் பிறந்த தேதியுமாகக் கணினித் திரையில் வரிசை வரிசையாகக் கிடப்பதைக் காண மனம் பதைக்கிறது. கடைக்காரரிடம் துர்நோக்கம் ஏதுமில்லை. அவரை நிந்திப்பது நியாயமும் அன்று. ஆனால் அந்த நகல் ஒரு வஞ்சகன் கையில் அகப்பட்டால், ஒன்றுமறியாத மூதாட்டியின் பெயரில் சிம் கார்டு வாங்கவும் கடன் எழுதவும் அதுவே சாதனமாகிவிடும்.

கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்த ஆதாரை, ஆதார் ஆணையமே தன் இணையதளத்தில் இலவசமாக வழங்குகிறது; கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி செய்திருக்கிறது. இவ்விரண்டையும் அறிந்தவர் சொற்பமே. ஆகையால் இ-சேவை மையங்கள்தோறும் இவற்றைத் தமிழில் விளக்கி எழுதி வைக்கவும், அச்சிட்ட மறுகணமே கோப்பை அழிப்பதைக் கட்டாயமாக்கவும் அரசாங்கத்தை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
மன்னார்குடி