ஆண்டவன் பேரில் ஒரு விலக்கு

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தின் வயல்வெளிகளுக்கு நடுவே ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியானவர்கள் வாழ்கிறார்கள். மோட்டார் வண்டி வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியில்தான் போவார்கள், வருவார்கள். பிள்ளைகளை எட்டாவது வகுப்புக்கு மேல் படிக்க வைப்பதில்லை. யாரிடமும் சண்டைக்குப் போகாதவர்கள். யுத்தமே வந்தாலும் துப்பாக்கி தூக்க மறுப்பவர்கள். இப்படிப்பட்ட சாதுக்கள் நடத்தும் மூன்று சின்னஞ்சிறு பள்ளிக்கூடங்களின் மீது அந்த ராஜ்யத்துச் சர்க்கார் மொத்தம் 1,18,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்கள் செய்த குற்றம் என்ன? தட்டம்மை முதலிய நோய்களுக்குத் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளாத குழந்தைகளைப் பள்ளியில் வைத்துக்கொண்டதுதான். ஊசி தங்கள் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அப்பீல் கோர்ட்டு சர்க்காருக்கு அநுகூலமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை மறுபடியும் ஆலோசிக்கும்படி திருப்பி அனுப்பியது.

இந்தச் செய்தியைப் படித்தவுடன் நமது அநுதாபம் யார் பக்கம் ஓடிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். குதிரை வண்டிக்காரர்கள் பக்கந்தான் ஓடிற்று. "கட்டாயம்" என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்குச் சற்றே இரத்தம் கொதிக்கும். அதற்குக் காரணமும் உண்டு. வைசூரி கண்ட வீட்டில் நம் பாட்டிமார்கள் அதை வியாதி என்று சொன்னதே கிடையாது. "அம்மை வார்த்திருக்கிறது" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வந்திருப்பவள் மாரியம்மன், அவளுக்குக் குளிரச் செய்து அனுப்பவேண்டுமேயொழிய, விரட்டுவதாவது? வெள்ளைக்கார சர்க்காரின் சிப்பந்தி ஊசியும் கையுமாகத் தெருவில் நுழைந்தபோது கதவைத் தாழிட்டவர்கள் எத்தனையோ பேர். காந்தி மகானே தமது ஆரோக்கிய நூலில் அம்மை குத்துவதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். ஆகையால், கடவுள் பேரைச் சொல்லி ஊசியை மறுக்கும் அயல்நாட்டாரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கையையும் நேயர்கள் கவனிக்கவேண்டும். அந்த ஊசிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயரே "அம்மை குத்துதல்" என்பதுதான். அம்மையைத் தடுக்கும் ஊசிக்கும் அம்மையின் பெயரையே சூட்டி, அவளையும் இவனையும் சமாதானப்படுத்திவிட்டார்கள்! வைசூரி 1975-ல் இந்தியாவை விட்டு நீங்கிற்று; 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாகப் பிரகடனம் செய்தார்கள். மாரியம்மன் கோவில்களில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஊசியை மறுக்கும் உரிமை முதலில் சட்டத்தில் ஏறியது இங்கிலாந்தில். குழந்தைகளுக்கு அம்மை குத்தியே தீரவேண்டும் என்று 1853-ல் அங்கே சட்டம் செய்தார்கள். மறுத்த ஏழைத் தகப்பன்மாருக்கு அபராதம். கட்டாவிட்டால் தட்டுமுட்டுச் சாமான் ஜப்தி. அதுவும் இல்லாவிட்டால் சிறை. 1885-ல் லெஸ்டர் நகரத்தில் இதை எதிர்த்து ஆயிரமாயிரம் ஜனங்கள் ஊர்வலம் வந்தார்கள். கடைசியில் 1898-ல் பார்லிமெண்டு இறங்கி வந்தது. மனச்சாட்சி இடங்கொடாதவர், அதை மாஜிஸ்திரேட்டுகள் திருப்திப்படும்படி நிரூபித்தால் விலக்குப் பெறலாம் என்று விதித்தது. பல மாஜிஸ்திரேட்டுகள் லேசில் திருப்திப்படவில்லை. ஒரு தொழிலாளியின் மனச்சாட்சியை அளந்து பார்க்க அவர்களிடம் என்ன படி, என்ன மரக்கால் இருந்ததோ, நாம் அறியோம். 1907-ல் வெறும் சத்திய வாக்குமூலமே போதும் என்று மாற்றிவிட்டார்கள். "மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்" என்று இந்த ஊசிச் சண்டையில் பழகிய சொற்றொடரே 1914-ல் மூண்ட யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர மறுத்தவர்களுக்குப் பெயராயிற்று.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி நடந்தது. மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 1902-ல் வைசூரி பரவியபோது, ஹென்னிங் ஜேக்கப்ஸன் என்ற பாதிரியார் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். அபராதம் ஐந்தே டாலர்தான். அந்த ஐந்து டாலருக்காக அவர் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார். 1905-ல் ஏழு நீதிபதிகள் அவருக்கு விரோதமாகவும் இருவர் அவருக்குச் சார்பாகவும் நின்றார்கள். ஊரைக் காப்பதற்காகத் தனி மனிதனின் சுதந்திரத்துக்கு நியாயமான வரம்பு கட்டலாம் என்பது தீர்ப்பு. 1922-ல் டெக்ஸாஸில் ஊசி இல்லாத காரணத்தால் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கிலும் அதே முடிவுதான். ஆகவே மதத்துக்காக விலக்குக் கொடு என்று அமெரிக்க அரசியல் சட்டம் அன்று சர்க்காரைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தவர்கள் சட்டசபைக்காரர்கள்.

எப்படிக் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1966-ல் நியூயார்க் சட்டசபை, பள்ளிப் பிள்ளைகளுக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைக் கட்டாயமாக்கியது. ஜெபத்தினாலேயே நோய் தீரும் என்று போதிக்கும் "கிறிஸ்டியன் ஸயன்ஸ்" சபையார் முயற்சி செய்து ஒரு விலக்கு வாங்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மத ஸ்தாபனத்தின் மெய்யான அங்கத்தினராயிருந்து, அந்த ஸ்தாபனத்தின் போதனை ஊசிக்கு விரோதமாகவும் இருந்தால், அவர் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று சட்டம் சொல்லிற்று. பெரிய சபையில் சேர்ந்தவனுக்குச் சலுகை. தனியே மரத்தடியில் உட்கார்ந்து கடவுளை நினைப்பவனுக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம் என்று சிலர் வழக்காடினார்கள். 1987-ல் கோர்ட்டும் அவர்கள் சொல்வது சரி, சர்க்கார் ஒரு மதத்தை அங்கீகரித்து இன்னொன்றைத் தள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தைத் திருத்தி, எவருக்காயினும் "உண்மையான, மனப்பூர்வமான மத நம்பிக்கை" இருந்தால் போதும் என்றார்கள்.

அங்கே பிடித்தது சனியன். நம்பிக்கை மனப்பூர்வமானதா என்று யார் பார்ப்பது? பள்ளிக்கூடத்து அதிகாரி பார்க்கவேண்டும்! தாயார் கடிதம் எழுதுவாள். அதிகாரி படித்துவிட்டு, "அம்மணீ, தங்கள் பக்தி போதாது" என்று திருப்பி அனுப்பலாம். அல்லது, எதற்கு வம்பு என்று முத்திரை குத்திவிடலாம். பக்தனின் உள்ளத்தைச் சோதிக்கும் வேலையை நம் புராணங்களில் பரமசிவனே மாறுவேஷம் பூண்டுகொண்டு வந்துதான் செய்வார். அதை ஒரு குமாஸ்தாவின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? மருந்தைக் கண்டு பயந்தவர்கள், எங்கேயோ எதையோ படித்துக் குழம்பியவர்கள், சர்க்காரின் மேல் கோபங்கொண்டவர்கள் எல்லாரும் விண்ணப்பத்தில் ஆண்டவன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள். பயம் என்று எழுதினால் கதவு திறக்காது. மதம் என்று எழுதினால் திறக்கும். மதத்தைக் கௌரவிப்பதற்காகச் செய்த விலக்கு, பொய்ச் சத்தியத்துக்குப் பள்ளிக்கூட வாசலிலேயே கடை போட்டுக் கொடுத்துவிட்டது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் முதலில் வருத்தப்படவேண்டியது இதைப் பற்றித்தான் என்பது நமது அபிப்பிராயம்.

விலக்குப் பெற்ற குழந்தைகள் நியூயார்க் ராஜ்யத்தில் சுமார் 26,000 பேர் ஆனார்கள். 2018-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் புரூக்ளினிலும் ராக்லண்டு ஜில்லாவிலும், வைதிக யூதர்கள் நெருங்கி வாழும் பேட்டைகளில் தட்டம்மை கிளம்பிற்று. நியூயார்க் நகரத்தில் 649 பேருக்கும் ராக்லண்டில் 312 பேருக்கும் கண்டது. யூத வேதத்தில் ஊசிக்குத் தடை ஏதாவது உண்டா என்றால், இல்லை. ரபிமார்களில் மிகப் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளத்தான் சொன்னார்கள். ஆண்டவன் தயவால் நகரத்தில் உயிர்ச்சேதம் இல்லை. 2019 ஜூன் 13-ந் தேதி ராஜ்ய சட்டசபை மத விலக்கை அடியோடு எடுத்துவிட்டது. வைத்தியக் காரணத்துக்கான விலக்கு மட்டும் மிஞ்சிற்று.

அந்த வைத்திய விலக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தட்டம்மைக் கிருமி காற்றில் பரவுகிறது. நோய் கண்ட பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரையில் அங்கே தங்கியிருக்கும். உடம்பில் தடிப்புத் தோன்றுவதற்கு நாலு நாள் முன்னதாகவே மற்றவர்களைத் தொத்த ஆரம்பித்துவிடும். ஆகையால் தாயார் எவ்வளவு ஜாக்கிரதைக்காரியாக இருந்தும் பயனில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டுக்கொண்டிருந்தால்தான் பரவாமல் நிற்கும். மிச்சமுள்ள ஐந்து இடம் யாருக்கு? இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடும் குழந்தை இருக்கிறது. அதற்கு இந்த ஊசி ஆகாது, நோய் வந்தாலோ பிழைப்பது துர்லபம். ஊசிக்கு வயது வராத கைக்குழந்தை வீட்டிலே இருக்கிறது. அந்த ஐந்து இடமும் அவர்களுடையது. நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைப்பவர், தம்முடைய மனச்சாட்சிக்கான விலையை அடுத்த வீட்டுக்காரனைக் கொடுக்கச் சொல்கிறார்.

மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தின் உயர்ந்த கோர்ட்டு இதை 1979-லேயே கண்டுகொண்டது. தமக்கும் விலக்கு வேண்டும் என்று ஒரு தகப்பனார் அங்கே வழக்குப் போட்டார். நீதிபதிகள் அவருக்குக் கொடுக்காதது மட்டுமல்ல. ஏற்கெனவே சில சபையாருக்கு இருந்த விலக்கையும் செல்லாது என்றுவிட்டார்கள். அப்படிப்பட்ட நம்பிக்கையில்லாத பெற்றோர்களின் குழந்தைகளை மட்டும் ஆபத்துக்கு உள்ளாக்குவது சமநீதி ஆகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வெகு காலம் நிலைத்து நின்ற அந்த ஏற்பாடு 2023-ல் வேறொரு கோர்ட்டின் உத்தரவினால் குலைந்தது. விலக்கு மறுபடியும் வந்துவிட்டது.

ஆபத்து என்பது வெறும் வார்த்தையல்ல. 1990-91-ல் பிலடெல்பியா நகரில், ஜெபம் ஒன்றே ஔஷதம் என்று கொண்டிருந்த இரண்டு சபைகளின் குழந்தைகளிடையே தட்டம்மை புகுந்தது. நகரத்தில் சுமார் 1,400 பேருக்குக் கண்டது. ஒன்பது குழந்தைகள் இறந்தன; அவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சபைகளின் குழந்தைகள். பெற்றோரின் ஆட்சேபத்தையும் மீறி ஊசி போடும்படி நீதிபதி உத்தரவிட நேர்ந்தது. 2025-ல் மேற்கு டெக்ஸாஸில், மெனோனைட் பிரிவினர் அதிகமாயுள்ள கெயின்ஸ் ஜில்லாவில் தொடங்கி 762 பேருக்குப் பரவியபோது இரண்டு பள்ளிக் குழந்தைகள் மாண்டன. இரண்டுக்கும் ஊசி போடப்படவில்லை. அந்தப் பெற்றோர் தங்கள் மக்களை நேசிக்காதவர்கள் என்று யார் சொல்லத் துணிவார்? 1944-ல் சுப்ரீம் கோர்ட்டு, சிறுமி ஒருத்தியை வீதியில் மதப் பத்திரிகை விற்க அழைத்துச் சென்ற வழக்கில், பெற்றோர் தாங்கள் வேண்டுமானால் தியாகிகள் ஆகலாம், விவரம் அறியும் வயது வராத குழந்தைகளைத் தியாகிகளாக்க முடியாது என்ற கருத்தை வெளியிட்டது. ஊசி வழக்காளிகள் அதை இன்றும் விடாமல் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இனி, நம் குதிரை வண்டிக்காரர்களிடம் திரும்புவோம். இவர்களைப் பொய்ச் சத்தியக்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சுப்ரீம் கோர்ட்டு இவர்கள் வழக்கைத் திருப்பி அனுப்பியபோது, அதற்கு ஆறு மாதம் முன்பு மேரிலாண்டுப் பெற்றோருக்குச் சாதகமாகச் செய்த தீர்ப்பை மனத்தில் வைத்து ஆலோசிக்கச் சொல்லிற்று. அது, தங்கள் மதத்துக்கு ஒவ்வாத கதைப் புத்தகங்கள் வகுப்பில் படிக்கப்படும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடலாமா என்ற வழக்கு. கதைப் புத்தகத்தின் விஷயத்தில் நாமும் அந்தப் பெற்றோர் பக்கமே பேசுவோம். ஆனால் ஒரு பிள்ளை படித்த கதை பக்கத்துப் பிள்ளையின் உடம்பில் தடிப்பாகக் கிளம்புவதில்லையே!

ஆமிஷ் மக்களின் மனத்தில் உண்மையில் இருப்பது என்ன? ஒஹையோ ராஜ்யத்து ஆமிஷ் குடும்பங்களை விசாரித்து 2011-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஊசி போடாதவர்களுக்குப் பெரிய தடையாயிருந்தது, அது குழந்தையின் உடம்புக்குக் கெடுதல் செய்யுமோ என்ற பயமே என்று அதில் கண்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, 2014-ல், பிலிப்பைன்ஸ் தீவுகளில் புயலால் வீடிழந்தவர்களுக்கு உதவி செய்யப் போன இரண்டு ஆமிஷ் வாலிபர்கள் தட்டம்மையோடு ஒஹையோவுக்குத் திரும்பினார்கள். தர்ம காரியத்துக்குப் போய் வந்தவர்கள். பாவம், தெரியாமல் கொண்டுவந்துவிட்டார்கள். 383 பேருக்குக் கண்டது. சுகாதார இலாகாவினர் ஆமிஷ் கிராமங்களுக்கே சென்று இலவசமாக ஊசி போட ஆரம்பித்தார்கள். ஒஹையோவில் மத விலக்கு அன்றும் உண்டு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். அப்படியிருந்தும், நோயை அடக்கும் அந்த முயற்சியில் 10,000 பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

நாம் நியூயார்க் சட்டசபையில் ஓர் அங்கத்தினராக இருந்திருந்தால் 2019-ல் மத விலக்கை எடுக்கும் மசோதாவுக்குக் கை தூக்கியிருப்போம், இன்றும் தூக்குவோம். ஆனால் 1,18,000 டாலர் அபராதத்துக்கு நம்முடைய கை எழும்பியிராது. அந்த மூன்று பள்ளிக்கூடங்களுக்கும் அபராதக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போன உத்தியோகஸ்தருக்குப் பதிலாக, ஒஹையோவில் வேலை செய்த தாதிகளில் இரண்டு பேரை அனுப்பி, அந்தத் தாய்மார்களோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாத காலம் பேசச் சொல்லியிருப்போம்.