குளத்தில் விட்ட மீன் குளத்திலேயே பெருகுமா?

விதைநெல்லைப் பத்திரப்படுத்தி வைப்பது குடியானவனுக்குப் பரம்பரையாய் வந்த புத்தி. நெல்லுக்கு நன்மை பயக்கும் அந்தப் புத்தியே மீன் வளர்ப்பில் நஷ்டத்தை உண்டாக்கி வருகிறது. வயல் மூலையில் ஐம்பது சென்ட் அளவில் வற்றாத குளம் ஒன்று வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு, ஒரு வருஷத்தில் நல்ல பலனைக் கண்டவர் அநேகர். வலை போட்டுப் பிடிக்கும்போது பெரிய மீன்களில் பத்தை மட்டும் ‘விதை மீன்’ என்று குளத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். இனிக் குஞ்சு வாங்கும் செலவு இல்லையென்பது அவர்கள் எண்ணம். இரண்டு மழைக்காலம் கழிந்து வலை வீசினால் அந்தப் பத்து மீன்கள் வருகின்றனவேயன்றிப் புதிய கட்லா ஒன்றும் வருவதில்லை. குளம் ராசியில்லையென்று தூர்த்துவிடுவோரும் உண்டு. குளத்தின்மேல் குற்றமில்லை, மீனின் சுபாவத்தை அறியாததே குற்றம்.

மேற்கூறிய மூன்றும் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளின் மீன்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரையோரத் தாழ்நிலங்களில் வெள்ளம் பரவும்போது, ஓடும் ஜலத்தில் அவை முட்டையிடும். குளத்தில் வளரும் பெண் மீனுக்கும் சுமார் இரண்டு வயதில் சினை பிடிப்பது மெய்யே. பருத்த வயிற்றைக் கண்டுதான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். தேங்கிய ஜலத்தில் முட்டையிடுவதற்குரிய தூண்டுதல் கிடைப்பதில்லை. பருவம் கடந்ததும் சினை உடலுக்குள்ளேயே கரைந்துபோகிறது. வங்காளத்தில் மிட்னாபூர், பாங்குரா பகுதிகளில் ‘பந்த்’ எனப்படும் ஏரிகளில் இம்மீன்கள் முட்டையிடுவது உண்டு. ஆனால் அவ்வேரிகளில் மேட்டு நிலத்து மழைஜலம் பெருகிப் பாய்வதால், அங்கும் பிரவாகமே காரணமாகிறது.

இந்தத் தடையை நீக்கும் வழி 1957-ஆம் வருஷம் கிடைத்தது. அவ்வருஷம் ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும், மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாரத்தை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்தார்கள். இன்று பண்ணைகளில் விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் இம்முறையின் வழி வந்தவையே. இதற்குத் தாய் மீன்களும், ஓடும் ஜலமுள்ள தொட்டிகளும், தேர்ந்த கையும் வேண்டும். ஐம்பது சென்ட் குளத்துக்காரர் இவ்வேலையில் இறங்குவது, ஒரு படி எண்ணெய்க்காகச் செக்கு வாங்குவதை ஒக்கும்.

‘மழைக்குப் பிறகு குளம் நிறையக் குஞ்சுகளைக் கண்ணால் கண்டோமே’ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவை பெரும்பாலும் வாய்க்கால் ஜலத்தோடு வந்தேறிய கெண்டைப்பொடிகளும் குறவை, விரால் குஞ்சுகளுமே. சிவந்த குஞ்சுகள் கூட்டமாய்த் திரிந்து, அடியில் பெரிய மீன் காவல் நின்றால் அது விரால். விரால் புல்பூண்டுகளின் நடுவே கூடு அமைத்துக் குளத்திலேயே முட்டையிடும். ஆனால் அது பெருகப் பெருக, விலை கொடுத்து வாங்கி விட்ட கட்லாக் குஞ்சுகள் அதற்கு இரையாகும்.

ஆதலால் ‘மீன் குளத்தில் பெருகுமா’ என்னும் கேள்விக்கு எல்லா மீனுக்கும் பொதுவான விடை கிடையாது. அமெரிக்கப் பண்ணைக் குளங்களில் விடப்படும் பாஸ் என்னும் மீனில், ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் வாலால் குழி பறித்துக் கூடமைத்து முட்டைகளைக் காக்கும். ஆயினும் உடன் விடப்படும் புளூகில் மீன் மிகுந்துவிட்டால் அந்த முட்டைகளும் குஞ்சுகளும் தப்புவதில்லை. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கண்ணாடிக் கெண்டையும் அதன் இனத்தவையும் தேங்கிய ஜலத்தில் பாசியின்மீது ஒட்டும் முட்டைகளை இடும். ஆனால் இரை தேடிக் கரையைக் கிளறும் வழக்கமும் அவற்றுக்குண்டு. 1952-இல் இந்நாட்டுக்கு வந்த திலேப்பியாவோ முட்டையை வாயில் அடைகாத்து, இரண்டு மூன்று மாத வயதிலேயே பெருகத் தொடங்கும். பெருக்கம் மிகுந்தால் இரை போதாமல் எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். பெருகாத மீனால் குளம் வெறுமையாகிறது. மிதமிஞ்சிப் பெருகும் மீனால் சந்தைக்கு உதவாத பொடிகள் நிறைகின்றன. பெருகாத கட்லாவே நல்லது. எத்தனை விட்டோம், எத்தனை எதிர்பார்க்கலாம் என்னும் கணக்காவது கையில் இருக்கும்.

அந்தக் கணக்கு இதுதான். சென்ட் ஒன்றுக்கு இருபது குஞ்சு வீதம் ஐம்பது சென்டுக்கு ஆயிரம். நூற்றுக்கு எழுபது பிழைத்து, தீனியால் ஒவ்வொன்றும் முக்கால் கிலோ எடை பெற்றால் 525 கிலோ. நிறுத்திய பத்து ‘விதை மீன்’களும் மூன்று கிலோ வீதம் வளர்ந்தாலும் முப்பது கிலோவே. குஞ்சு விலையை மிச்சப்படுத்தப் போய் ஒரு வருஷத்து மகசூலையே இழப்பது சிக்கனமாகாது.

குளத்தைக் கூடியவரை வற்றவிட்டு விரால், குறவைகளை அகற்றுவது முதல் வேலை. வற்றாத குளத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு அவற்றைக் கொல்லலாம். ஆனால் அதன் விஷம் தணிய மூன்று வாரம் பொறுத்தே குஞ்சு விடவேண்டும். குஞ்சும் நான்கு அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் நலம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு முறை குஞ்சு விட்டதைக் கணக்கில் எழுதி, அந்தக் குளத்தில் மீன் நிலைத்துவிட்டதாகக் கொள்வது சரியன்று. பொதுக் குளங்களைக் குத்தகைக்கு விடும்போது, வருஷந்தோறும் இத்தனை குஞ்சு விடவேண்டும் என்னும் ஷரத்தைச் சேர்த்து, விடும் நாளில் நேரில் எண்ணிப் பார்த்தல் அவசியம். அந்த ஷரத்து இல்லாவிடில் குத்தகைதாரர் உள்ளதை அரித்துக்கொண்டு போவார். அடுத்த வருஷம் கிராமத்துக்கு மிஞ்சுவது ஜலமும் பாசியுமே.

அறுவடையானதும் அடுத்த போகத்துக்கு விதை தேடும் விவசாயி, வலை கரையேறிய அன்றே குஞ்சுக்கும் ஏற்பாடு செய்வானாயின், அவன் குளம் எந்த வருஷமும் வெறுமையாய்க் கிடக்காது.