மொட்டை மாடியில் மூன்றடி வழி

இப்போதெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கூட்டங்களில் தவறாமல் எழும் பேச்சு, மொட்டை மாடியில் சோலார் தகடு போடுவது பற்றித்தான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். தனி வீட்டில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கங்களுக்கு, பொது விளக்கு, பம்பு போன்றவற்றுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். நல்ல திட்டம்தான். கொல்கத்தாத் தமிழர்களாகிய நாமும் இதில் பின்தங்கிவிடக் கூடாது. ஆனால் அவசரத்தில் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். கட்டடத்தில் தீப்பிடித்தால், மாடிக்கு வரும் தீயணைப்புப் படையினர் எங்கே கால் வைப்பார்கள்?

தீ என்றால் முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்கிறோம். சாதாரண மின்சாரத்துக்கு அது போதும். சோலாருக்குப் போதாது. வெயில் இருக்கும் வரை தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் அந்தக் கம்பியில் 400, 500 வோல்ட் வரை இருக்கும். மெயினை அணைத்தாலும் தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரையுள்ள கம்பி உயிரோடுதான் இருக்கும். கையில் தண்ணீர்க் குழாயோடு வருபவருக்கு இது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டெலான்கோ என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கிடங்கு எரிந்தது. கூரையில் 7,000-க்கும் மேற்பட்ட தகடுகள். மின்சாரத்துக்கு அஞ்சிப் படையினரைக் கூரைமேல் அனுப்ப அதிகாரி தயங்கினார். கிடங்கு முழுவதும் அழிந்தது. அந்நாட்டில் பல மாநிலங்கள் இன்று பின்பற்றும் விதிகள் இரண்டு. ஒன்று, வீட்டுக் கூரையில் மூன்றடி அகல வழி விட வேண்டும். மற்றொன்று, ஒரு ஸ்விட்சை அணைத்ததும் தகடுகளின் மின்னழுத்தம் 30 விநாடிக்குள் 80 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இந்த இரண்டாவது விதி அவர்களுடைய மின் விதித்தொகுப்பின் 2017 பதிப்பில் வந்தது.

"அதெல்லாம் மரவீடு கட்டும் நாட்டுக்கு, நம்முடையது கான்கிரீட்" என்பார்கள் சிலர். ஒரு வகையில் நியாயமான பேச்சுதான். அங்கே வீரர்கள் சாய்வான மரக்கூரைமேல் ஏறி, ஓட்டை போட்டுப் புகையை வெளியேற்றுவார்கள். அதற்காகவே பெரிதும் அந்த வழி. நம் கான்கிரீட் தளத்தில் யாரும் ஓட்டை போடப் போவதில்லை. ஆனால் நமக்கு வேறு காரணம் இருக்கிறது, அதைவிடப் பெரிய காரணம். படிக்கட்டில் புகை சூழ்ந்தால் நாம் ஓடுவது மேலே, மொட்டை மாடிக்கு. தண்ணீர்த் தொட்டியும் வால்வும் இருப்பது அங்கேதான். ஏணி வந்து சேர்வதும் அந்தக் கைப்பிடிச் சுவருக்குத்தான்.

இந்நகரில் இதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2010 மார்ச் 23 அன்று பார்க் தெருவில் ஸ்டீபன் கோர்ட் எரிந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாடிக்குப் போகும் கதவு பூட்டிக் கிடந்ததால் மேல்படிகளிலேயே சிலர் மடிந்தார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று படாபஜார் ஓட்டல் தீயில் 14 பேர் பலியானார்கள். அதன்பின் மாநகராட்சி மொட்டை மாடி உணவகங்களை மூடச் சொன்னது. மாடி எல்லோருக்கும் பொதுவானது, அதை அடைக்கக் கூடாது என்பதே அது சொன்ன காரணம். மேசை நாற்காலிக்குப் பொருந்தும் நியாயம் சோலார் தகட்டுக்கும் பொருந்தாதா?

எங்கள் கட்டடத்துக்கு வந்த கான்டிராக்டரின் வரைபடத்தில் சுவருக்குச் சுவர் தகடுகளே. வழி எங்கே என்று கேட்டேன். "கழுவும் ஆள் குனிந்து போய்விடுவான், தாதா" என்றார். இரவில், புகையில், முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்து வருபவர் குனிந்து போக முடியுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் தாயால் முடியுமா?

வழி விட்டால் நஷ்டம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றடி அகலம், முப்பதடி நீளம் என்றால் 90 சதுர அடி. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை. ஆக, இழப்பு ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு, இரண்டு தகடுகள். மாதம் ஏறக்குறைய 120 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 840 ரூபாய். பன்னிரண்டு குடும்பங்கள் பங்கிட்டால் தலைக்கு 70 ரூபாய். உயிருக்கு இது அதிக விலையா?

தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டடத் தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றையே உயர்மாடிக் கட்டடம் என்கிறது. கடுமையான நிபந்தனைகள் பெரும்பாலும் அவற்றுக்குத்தான். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் பலர் குடியிருக்கும் மூன்று, நான்கு மாடிப் பழங்கட்டடங்கள் அந்த வரம்புக்குள் வருவது அரிது. எனவே சட்டம் வரட்டும் என்று காத்திராமல் நாமே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

படிக்கட்டுக் கதவிலிருந்து தெருப்பக்கக் கைப்பிடிச் சுவர் வரையும், தண்ணீர்த் தொட்டி வரையும் மூன்றடி வழி விட வேண்டும். மாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டாம். உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போதும். சோலாரை நிறுத்தும் ஸ்விட்ச் கீழே மீட்டர் அருகிலேயே இருக்கட்டும். அதை அணைத்தால் ஒவ்வொரு தகடும் அடங்கும்படியான கருவியையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பி எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது என்ற படத்தை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி அதே இடத்தில் மாட்ட வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மானியம் கொடுக்கும் முன், தகடு எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல் வழி இருக்கிறதா என்றும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவரை அழைத்து அன்பர்களோடு பேசச் செய்யலாம். தகடு பதித்தபின் வழி கேட்டால் கழற்றிப் பதிக்கும் கூலியும் சேரும். பதிக்கும் முன் கேட்டால், வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பதோடு காரியம் முடிந்துவிடும்.