கண்ணி வைத்தவன் மட்டுமா?

கௌதாரிக்குக் கண்ணி வைத்தவனைப் பிடித்து உள்ளே தள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தக் கௌதாரி முட்டையிட்ட புதரை அழித்து மனை போட்டு விற்றவருக்கோ அப்ரூவல் எண் தருகிறோம். பட்டாபிராம், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் புதர்க்காடும் ஏரிக்கரையும் மறைந்தது இந்த முறையில்தான். இது அநீதி. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தேவையில்லை.

காடு ஒரே நாளில் போவதில்லை. முதலில் பாதை வரும், பாதையோடு துப்பாக்கியும் கோடாலியும் வரும். பிறகு நடுவில் தோட்டமோ குடியிருப்போ எழும். கடைசியில் காடு துண்டுதுண்டாக நிற்கும். வேட்டையின் பொருளே இந்தக் கடைசிக் கட்டத்தில் மாறிவிடுகிறது. பெருங்காட்டில் ஒரு மான் விழுந்தால் அடுத்த சரிவிலிருந்து இன்னொன்று வந்து சேரும். துண்டுக்காட்டுக்கு எங்கிருந்து வரும்? நாலு பக்கமும் ரோடு. அங்கே விழும் ஒவ்வொரு உயிரும் மூலதனத்தில் கைவைப்பதுதான். விதையை விழுங்கிப் பரப்பும் பறவையும் விலங்கும் போய்விட்டால், மரங்கள் நின்றபடியே வாரிசு இல்லாமல் முதுமையடையும்.

வால்பாறையில் இதைக் கண்ணால் காணலாம். 1890களில் தொடங்கி, ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் தேயிலையும் காப்பியுமாக மாறியது. நடுநடுவே மிஞ்சியவை நாற்பது சொச்சம் காட்டுத் துண்டுகள். புதுத்தோட்டத்துச் சோலைமந்திக்கு மரத்துக்கு மரம் தாவ வழியில்லை. தார்ச்சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நூறாண்டு வெட்டலுக்கு அது பிராயச்சித்தமே தவிர, மன்னிப்புச் சீட்டு ஆகாது.

வால்பாறை தூரம் என்பவர்கள் சென்னைக்குள்ளேயே இருக்கும் கிண்டிக் காட்டைப் பார்க்கட்டும். தனியார் ஒருவரின் வேட்டைக்காடாக இருந்த அதை, 1821இல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. அன்று பரப்பு சுமார் 505 ஹெக்டேர். 1910இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். அறிவித்த கையோடு நிறுத்தியிருக்கலாம். சுதந்திர நாட்டில்தான் கத்தி நன்றாக ஓடியது: ஐஐடிக்கு ஒரு துண்டு, தலைவர்களின் நினைவிடங்களுக்கு ஒரு துண்டு, அரசுத் துறைகளுக்குச் சில துண்டுகள். 1978இல் தேசியப் பூங்கா என்று பெயர் சூட்டியபோது மிஞ்சியது 270 ஹெக்டேர். கல்விக்கூடம் வேண்டும்தான், நினைவிடமும் இருக்கட்டும். வேறு மண்ணே கிடைக்கவில்லையா என்பதுதான் கேள்வி. அத்தனை வெட்டுக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்டு. ஒன்றுக்கும் குற்றப்பத்திரிகை கிடையாது.

அப்படியானால் வேட்டைக்காரர் நிரபராதியா? இல்லை. மிச்சமிருக்கும் துண்டில் கண்ணி வைப்பது முன்னெப்போதையும்விடப் பெரிய தவறு. அதை யார் செய்தாலும் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் குற்றத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஆவடிப் பக்கம் வாழும் நரிக்குறவர்களின் முன்னோர் காடையும் கௌதாரியும் பிடித்துப் பிழைத்தவர்கள். 1972இல் அந்தத் தொழிலைச் சட்டம் பறித்தது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோ 2022 டிசம்பரில். ஐம்பது வருடம்! பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது இருளர்களுக்கு 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது; பாம்பை அறிந்த அதே அறிவு, விஷம் எடுத்துக் கொடுக்கும் வேலையானது. பறவையின் குரலையும் தடத்தையும் அறிந்த நரிக்குறவரின் அறிவுக்கு அப்படி ஒரு வேலையை யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊசிமணி விற்கட்டும் என்று விட்டுவிட்டோம். காட்டுக்கறி கேட்டுக் காரில் வந்து இறங்குகிறவரை எந்தச் சோதனைச்சாவடியும் மறிப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணி வைத்தவனுக்கு முன்னால் காசு கொடுத்தவனைப் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால் நிற்க வேண்டியது நிலத்தைக் கூறுபோடும் கை. அரசு ஏட்டில் காடு என்று எழுதாவிட்டாலும், காடாக இருப்பது காடுதான் என்று 1996இல் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அந்தக் காவலை ஒன்றிய அரசு சுருக்கியது. காடு என்ற சொல்லுக்கு 1996இல் சொன்ன பொருளையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இது தற்காலிக நிழல்தான். 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்த பிறகு பட்டாபிராமில் நிலத்தின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. ராணுவ வளாக மதில்களுக்குள்ளும் ஏரிக் கரைகளிலும் புறம்போக்கிலும் மிஞ்சிய பச்சைக்கு ஏட்டில் பெயர் இல்லாவிட்டால், அடுத்த லேஅவுட்டில் அது காணாமல் போகும். வனத்துறையும் ஆவடி மாநகராட்சியும் அவற்றை ஒவ்வொன்றாக அளந்து, சர்வே எண்ணோடு, காடு என்றே பதிவுசெய்ய வேண்டும். அந்த வேலைக்கு வழிகாட்டியாக, மாதச் சம்பளத்தில், நரிக்குறவக் குடும்பங்களிலிருந்தே ஆள் எடுக்க வேண்டும்.