கண்ணில் சாறு பிழியாதீங்க!

"டாக்டர், நீங்க சித்த வைத்தியர்தானே? பையன் கண்ணுக்கு ஏதாவது மூலிகைச் சாறு சொல்லுங்க" என்றார் அந்தத் தாய். பையனுக்கு மேல் இமையில் கண்கட்டி. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தால் போதும் என்று வீட்டில் பாட்டி சொல்கிறாராம். நான் "வேண்டவே வேண்டாம்" என்றதும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். சித்த வைத்தியரே மூலிகை வேண்டாம் என்பதா?

சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ரிட்டயரான ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது செம்பருத்திக் கிளை கண்ணில் அடித்துவிட்டது. நாலு நாள் வீட்டிலேயே பூச்சாறு, தாய்ப்பால் என்று மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அன்று இரவே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பூஞ்சைக் கிருமி. கண் தப்பியது, ஆனால் பூ விழுந்த இடம் விழுந்ததுதான். இன்றும் அந்தக் கண்ணில் பேப்பர் படிக்க முடியாது.

கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். செடி, நெல் உமி, குச்சி பட்டுக் கீறினால் பூஞ்சை உள்ளே புக அதுவே வாசல். அங்கே கழுவாத கையால் கசக்கிய சாறு எதற்கு? "உங்க சாஸ்திரத்திலேயே இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. கண்ணில் மருந்து இடுவதற்குக் கலிக்கம் என்றே பெயர். ஆனால் அது முறைப்படி அரைத்து, வடிகட்டி, நோய் அறிந்து வைத்தியர் இடுவது. கொல்லையில் பறித்த பூவைப் பிழிவது கலிக்கம் ஆகாது.

சரி, கண்கட்டிக்கு என்ன செய்வது? இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பியில் கிருமி புகுந்து சீழ் வைப்பதுதான் அது. உள்ளங்கையில் விரலைத் தேய்த்து, அந்தச் சூட்டை வைப்பார்களே நம் பாட்டிமார்கள், விஷயம் சூட்டில்தான் இருக்கிறது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் பத்து நிமிஷம், தினம் மூன்று நான்கு வேளை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் பெரியவர்கள் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். இமை ஓரத்தில் பொடுகு மாதிரி செதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வலியே இல்லாத கட்டி மாதக்கணக்கில் நின்றால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சின்ன ஆபரேஷனில் எடுத்துவிடுவார்கள்.

மெட்ராஸ் ஐ பற்றியும் ஒரு வார்த்தை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளாது, கை, டவல், தலையணை உறை வழியாகத்தான் ஒட்டும். வைரஸ் என்பதால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போகும். மெடிக்கல் ஷாப்பில் "ரெட்னஸுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று நீங்களாக வாங்கிவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் அப்போதைக்குச் சிவப்பு குறையும், உள்ளே புண் இருந்தால் முற்றிவிடும்.

கண் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ, என்னிடம்கூட முதலில் வராதீர்கள். நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பையனுக்கு ஒத்தடம் மட்டும்தான் சொன்னேன். ஃபீஸ் கொடுக்கும்போது அம்மா முகத்தில் அவ்வளவாகத் திருப்தி இல்லை.