நிலம் வாங்கிய கைதி



2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துப் பல மாடி உயரத்துக்குத் தீ எழுந்தது. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. 100-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டு அது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். சீபீல்டு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1976 முதல் அந்தத் தோட்ட நிலத்தில்தான் சுபாங் ஜெயா நகரம் எழும்பியது.

"வாத்தியாரே, அன்னிக்குத் தோட்டம் போச்சு, லயம் போச்சு. இப்ப மகன் வீட்டுக் கூரையும் போச்சு. ஆண்டவரோட அரசு வருது வருதுன்னு சின்ன வயசிலேருந்து செபம் பண்றோம். எங்கே வந்துச்சு? அடுத்த வருசம் எங்கே இருப்போம்னே தெரியல. பேரனை ஒண்ணாம் வகுப்புக்குப் பதியலாமா, வேணாமா?"

'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீடு வெந்தவரிடம் அப்படிச் சொல்வது ஆறுதல் ஆகாது. அதைக் கடவுளின் தண்டனை என்பதோ பெரும் பாவம். எரேமியாவின் கதையைத்தான் சொன்னேன்.

ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்து நின்றது. நகரம் வீழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருந்தார். அந்த நிலையில் ஆனதோத் ஊரிலிருந்த ஒரு நிலத்தை, உறவினரிடமிருந்து 17 வெள்ளிச் சேக்கல் கொடுத்து வாங்கினார். எதிரியிடம் போகப்போகிற நிலத்துக்கு யாராவது பணம் கொடுப்பார்களா? அவர் கொடுத்தார். பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துக் காக்கவும் சொன்னார். அந்நாட்டில் மக்கள் மறுபடியும் குடியிருந்து நிலம் வாங்குவார்கள் என்பது அவர் பெற்ற வாக்கு. நகரம் வீழத்தான் செய்தது. ஆனால் பிற்காலத்தில் மக்கள் திரும்பியும் வந்தார்கள்.

இறையரசை நம்புவது என்றால் துன்பம் நம்மைத் தீண்டாது என்று எண்ணுவதல்ல. துன்பத்தோடு எல்லாம் முடிந்துவிடாது என்று நம்பி, இன்று செய்ய வேண்டியதை இன்றே செய்வதாகும். பால்மரக் கன்று நட்டால் பால் காண ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை நம் பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? களை பிடுங்கினார்கள், உரமிட்டார்கள்.

பாட்டி கேட்ட அந்த அரசின் சாயலை நான் அந்த வாரமே கண்டேன். பெருநாள் வேளையிலும் புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசல் நிவாரண மையமாகி, வீடிழந்தவர்களுக்கு இடம் தந்ததே!

"சீபீல்டு தோட்டம் மறைந்துவிட்டது. அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் சுபாங் ஜெயாவில் நிற்கிறதே பாட்டி. பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்களால் அல்லவா?" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் பேரனின் பிறப்புப் பத்திரத்தோடு வந்தார். பழைய பிஸ்கட் டின்னில் கிடந்ததால் அது தப்பித்ததாம். பதிவை முடித்துக் கொடுத்தேன்.

'நாளைக்கு என்ன ஆகுமோ' என்று நீங்கள் தள்ளிப்போட்ட நல்ல காரியம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். எந்தச் சமயத்தவராயினும் சரி, இந்த வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள்.